சிவப்பு நிற்காத பிற்பகல்

கேத்தி பாலாடாவில் இரவு பதினொன்றுக்குக்
கேரட் கழுவும் இயந்திரம் உருளத் தொடங்கும்.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு நாலு மணி லாரி.
தண்ணீரில் அமலோற்பவத்தின் விரல்கள்
முதலில் வெள்ளை,
பிறகு நீலம்,
அடுப்பருகே நீட்டினால் சிவப்பு.

"ஊட்டித் தண்ணி, எல்லாருக்கும் விறைக்கும்"
என்றது முதல் ஆஸ்பத்திரி.
வாதம் என்றது இரண்டாவது.
கன்னத்தில் படர்ந்த தடிப்புக்கு மூன்றாவது சொன்னது:
வெயில்.
ஆறு வருடத்தில் கோப்பு கனத்தது.
அவள் பதினோரு கிலோ இளைத்தாள்.

என் மேசைக்கு அவள் வந்தது
இரண்டரை மில்லி ரத்தமாக.
ஒட்டியிருந்த எண் நாற்பத்தேழு.

நான் செய்வது இவ்வளவுதான்:
ஊசி ஏறிய அந்த நேரத்தில்
அவள் செல்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டிருந்தனவோ
அதைப் பிரித்து, நகலெடுத்து,
சிவப்புச் சாயம் ஏற்றுவேன்.
நோயில்லாதவர்களின் பேச்சுக்குப் பச்சை.
இரண்டையும் கலந்து கண்ணாடித் துண்டில் விடுவேன்.
சுண்டுவிரல் நீளக் கண்ணாடி. நாற்பதாயிரம் புள்ளிகள்.
ஒவ்வொரு புள்ளியும்
ஒரே ஒரு மரபணுவுக்குத்தான் கதவு திறக்கும்.
பதினேழு மணி நேரம் சூட்டுப் பெட்டியில்.
பிறகு கழுவ வேண்டும்.
கழுவுவதில்தான் இருக்கிறது எல்லாம்,
ஒட்டாதது போக, ஒட்டியது நிற்க.
அவள் வேலையும் அதுதான்,
மூட்டைக் கணக்கில்.

ஏப்ரல். சேரிங் கிராஸ் முழுக்க சீசன் வண்டிகள்.
பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்கேனரில் வைத்தேன்.
கணினி இரு நிறத்தையும் சமப்படுத்திப் பார்த்துவிட்டுச்
சொன்னது: வேறுபாடு இல்லை.
நான்காவது ஆஸ்பத்திரியாக
நானும் கையெழுத்துப் போட இருந்தேன்.

டாக்டர் தேவகி ஹாலன் திரையருகே குனிந்தார்.
"விளிம்பில் மட்டும் ஏன் இவ்வளவு பச்சை?
நோய்க்கு விளிம்பு தெரியுமா?"

காற்று தின்றிருந்தது.
வெயில் ஏறிய வானம், வண்டிப் புகை,
இரண்டும் சேர்ந்து பெற்ற ஓசோன்.
பச்சை தாங்கும். சிவப்புக்கு அது ஆகாது.
இத்தனை நாள் எத்தனை பேரை
நலம் என்று எழுதினேனோ,
அன்று ராத்திரி பழைய பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

மறுபடி ரத்தம்.
லாரி கிளம்பியதும் நேராக வந்தாள்,
ரப்பர் பூட்ஸில் செம்மண்.
நரம்பு தேடி மூன்று முறை குத்தினேன்.
அவள் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலக்ட்ரீஷியன் லாரன்ஸ் சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார்.
இரவு ஒரு மணி, மூடுபனி இறங்கிவிட்டது.
அப்போதுதான் நின்றது சிவப்பு.
தனியாகக் குற்றம் சாட்ட ஒரு புள்ளியும் இல்லை.
எண்பது, தொண்ணூறு,
எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய் எரிந்து
ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.
வைரஸ் நுழைந்தால் எழ வேண்டிய படை.
வைரஸ் இல்லை.
பகைவன் வராத ஊரில் ஆறு வருடமாகப் போர்ப்பறை.
அடி விழுந்ததெல்லாம் சொந்த மூட்டில், சொந்தத் தோலில்.

"பேரு என்ன?" என்றாள்.
பேரை டாக்டர் சொல்வார், மற்ற சோதனைகளும் பார்த்து.
இந்தக் கண்ணாடி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது,
எந்தப் பக்கம் தேடுவதென்று காட்டும்.
மருந்துச் சீட்டு எழுத அதற்கு உரிமையில்லை.

"அப்ப, எனக்குக் குளிரு தாங்கலங்கறது இல்ல."
"இல்லை."
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு,
"அத சூப்பர்வைசர்கிட்ட எழுதிக் குடுப்பீங்களா?"

கொடுத்தேன். கையுறை வந்தது,
அளவு பெரிதாக.

கண்ணாடி இருட்டுப் பெட்டியில் இருக்கிறது.
அதன் சிவப்பு இந்நேரம் வெளிறத் தொடங்கியிருக்கும்.
நேற்று நள்ளிரவு போன்.
பின்னால் இயந்திரம் உருளும் சத்தம்.
"மோதிர விரல் இன்னைக்கு வெளுக்கல.
மத்ததெல்லாம் வெளுத்துச்சு. குறிச்சுக்குங்க."

நாற்பத்தேழின் படிவத்தில்
அதற்கென்று கட்டம் ஏதும் இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்,
பென்சிலால்.